என் பழைய இலக்கம் ஏன் வேலை செய்யவில்லை

1

பிள்ளைகளுக்கு,

போன மாதம் என் தம்பியின் மகள் வாசுகி என்னுடைய பழைய இலக்கத்துக்குப் போன் எடுத்திருக்கிறாள். இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறது. மூன்று தரம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தகப்பனிடம் ஓடிப்போய், "அப்பா, பெரியப்பாவுக்கு ஏதும் நடந்திட்டுதோ?" என்று கேட்டாளாம். தம்பி என் மனைவி ராணியின் போனுக்கு எடுத்தான். நான்தான் கதைத்தேன்.

"அண்ணை, உயிரோட இருக்கிறியளோ?" என்று சிரித்துக்கொண்டு கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் போன் கொம்பனியின் பதிவில் நான் உயிரோடு இல்லை.

வாசுகி தன் பள்ளிக்கூட மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருந்தாள். "சிட்னியைப் பற்றி எழுதுங்கோ பெரியப்பா. கங்காரு, பாலம், கடற்கரை எல்லாம் போட்டு எழுதுங்கோ. பிள்ளையளுக்குப் பிடிக்கும்." நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். இருந்தும் எழுத உட்கார்ந்தேன். கங்காருவை நான் இந்தப் பதினாலு வருடத்தில் இரண்டு தரம் கண்டிருக்கிறேன். அதில் ஒன்று றோட்டோரம் செத்துக் கிடந்தது. பாலத்துக்குக் கடைசியாகப் போனது எப்போது என்று நினைவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தது இந்தப் போனின் கதைதான். அதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் எப்படியாவது வெளிநாடு வரவேண்டும் என்று நிற்கிறீர்கள். வந்தால் உதவும்.

2

என் பெயர் சிவபாலன். என் ஐயாவின் பெயர் கந்தையா. எங்கள் வழக்கத்தில் தகப்பன் பெயர் முன்னுக்கு, பிள்ளை பெயர் பின்னுக்கு. கந்தையா சிவபாலன். உங்கள் வகுப்பு இடாப்பிலும் அப்படித்தானே இருக்கும். இந்த நாட்டில் முன்னுக்கு வருகிற பெயர்தான் ஆளின் பெயர். வந்து இறங்கியபோது ஒரு அதிகாரி, "முதல் பெயர் என்ன?" என்று கேட்டார். முதலில் வருவது கந்தையா. சொன்னேன். எழுதினார். அதோடு முடிந்தது. சாரதிப் பத்திரத்திலும் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் நான் கந்தையா. லிட்கமில் மட்டைப் பெட்டி செய்கிற தொழிற்சாலையில் பதினொரு வருடம் மெசினில் நின்றேன். அங்கே கந்தையாவைச் சுருக்கி என்னைக் கூப்பிட்டது "கண்டி". எங்கோ கிணற்றடியில் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த என் ஐயாவுக்குத் தெரியாது, அவருடைய பெயர் இங்கே அட்டைத் தூசிக்குள் நின்று இரவு பகல் வேலை செய்கிறதென்று.

திருத்தியிருக்கலாம்தான். ஆனால் விசா முடிவு வராமல் பல வருடம் இருந்தவர்கள் நாங்கள். ஒரு கந்தோரில் பெயரை மாற்றினால் இன்னொரு கந்தோரில், நீ யார் என்று கேட்பார்கள் என்ற பயம். தொடாமல் விட்டேன்.

அந்தக் காலத்தில்தான் ஐயா போனார். நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி வரமுடியாது என்பதால் நான் போகவில்லை. செத்தவீட்டை அப்போதிருந்த போனில், தொழிற்சாலைக் கார் நிறுத்துமிடத்தில் நின்று பார்த்தேன். தம்பி கொள்ளி வைக்கக் குனிந்தபோது படம் அப்படியே நின்றுவிட்டது. எனக்கு இரண்டு நாள் லீவு தந்தார்கள். அதற்கும் சாட்சி கேட்டார்கள். மரணப் பத்திரத்தை ஊரிலிருந்து எடுப்பித்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, முத்திரை குத்திக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். அதைச் சூட்கேசில் வைத்தேன். இந்தப் பத்திரத்தை ஞாபகம் வைத்திருங்கள்.

3

இரண்டு வருட ஒப்பந்தத்தில் நான் மாட்டியது பிளாக்டவுனில். என் மகன் கபிலன் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய நேரம். அவனுக்கொரு போன் வாங்கலாமென்று கடைத்தொகுதிக்குப் போனோம். கடையில் நின்ற பிள்ளை தமிழ்நாடு. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"அங்கிள், நீங்க தமிழா? எங்க அப்பா மாதிரியே இருக்கீங்க!"

அதற்குப் பிறகு நான் எப்படி மறுப்பது? வெள்ளைக்காரன் என்றால், யோசித்துவிட்டு வாறன் என்று சொல்லி நழுவியிருப்பேன். தமிழ்ப் பிள்ளை கதிரை இழுத்துப் போட்டு, தண்ணீர்ப் போத்தலும் தந்து, "ஒரே ஒரு கையெழுத்து அங்கிள். ரெண்டு போன். ரெண்டு வருஷம், கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள ஓடிடும்" என்றாள். சாரதிப் பத்திரத்தைப் பார்த்துக் கந்தையா என்று பதிந்தாள். என் பழைய இலக்கத்தையும் அதோடு சேர்த்தாள். முப்பது பக்கம் இருக்கும். நான் ஒன்றும் வாசிக்கவில்லை. கபிலன் வாசிக்க வெளிக்கிட்டபோது, "அந்தப் பிள்ளை என்ன நினைக்கும், விடடா" என்றேன்.

எட்டு மாதத்தில் தொழிற்சாலை மெல்பேர்னுக்குப் போய்விட்டது. மெசின்களை லொறியில் ஏற்றினார்கள். எங்களை ஏற்றவில்லை.

இதைத் தம்பிக்கு நான் சொல்லவில்லை. வாசுகி, நீயும் இப்போதுதான் அறிகிறாய். போன் எடுக்கிற நேரமெல்லாம், "வேலை எப்பிடி அண்ணை?" என்று உன் தகப்பன் கேட்பான். "பரவாயில்லை, போகுது" என்பேன். வேலை போனதென்னவோ உண்மைதான்.

ராணி முதியோர் இல்லத்தில் செய்கிற வேலையில் வீட்டு வாடகை ஓடியது. வெட்டக்கூடியதை எல்லாம் வெட்டினோம். போன் ஒப்பந்தத்தை மட்டும் வெட்ட முடியவில்லை. இடையில் நிறுத்தினால் போன்களின் மிச்சக் காசோடு தண்டமும் ஒரே தரத்தில் கட்டவேண்டும். மாதாமாதம் கட்டவே வழியில்லாதவன் மொத்தமாகக் கட்டினால் விடுதலையாம். யார் யோசித்த சட்டமோ!

4

நீங்கள் ஒன்றை அறியவேண்டும். இந்த நாட்டில் கொம்பனிகளோடு கதைப்பது நான் இல்லை. கபிலன் ஐந்து வயதில் எங்களோடு வந்தவன். பத்து வயதில் முதல் தரம் மின்சாரக் கொம்பனியோடு கதைத்தான். கணக்குக்குச் சொந்தக்காரரோடு மட்டும்தான் கதைப்போம் என்றார்கள். நான் போனை வாங்கப் போனேன். அவன் கையால் மறித்துவிட்டுத் தொண்டையைத் தடிப்பாக்கி, "யெஸ், கந்தையா ஸ்பீக்கிங்" என்றான். ராணியும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பெரிய கெட்டித்தனம் என்று தம்பிக்கும் எடுத்துச் சொன்னேன்.

அன்றிலிருந்து ஒன்பது வருடம் அவன்தான் நான். வங்கிக்கு, வீட்டு முகவருக்கு, தன்னுடைய பள்ளிக்கூடத்துக்கே தகப்பனாகக் கதைத்தான். பிறகு குரலைத் தடிப்பாக்கத் தேவையிருக்கவில்லை. குரல் தானாகவே தடித்துவிட்டது. என்னோடு கதைப்பது குறைந்துகொண்டு வந்தது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு சொல். நானாக நின்று ஊரெல்லாம் கதைக்கிறவன் என்னோடு கதைப்பதில்லை.

போன் கொம்பனிக்கும் அவன்தான் எடுத்தான். குசினி மேசையில் போனை வைத்து, எங்களுக்கும் கேட்கும்படி விட்டான். நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள். தண்டம் கட்டாமல் நிறுத்த முடியாது என்று இரண்டு தரம் சொன்னாள். மூன்றாம் தரம் ஏதோ கேட்டாள். கபிலன் போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அப்பா, வேலை போயிட்டுதோ எண்டு கேக்கிறா. ஓம் எண்டால் ஒரு போர்ம் அனுப்புவினமாம். குறைப்பினம், இல்லாட்டி நிப்பாட்டுவினம். சொல்லட்டே?"

"வேண்டாம்."

"வை? இட்ஸ் ட்ரூ."

"வேண்டாம் எண்டால் வேண்டாம்."

"அவவுக்கு உங்களை ஆரெண்டே தெரியாது அப்பா!"

அவளுக்குத் தெரியாதுதான். ஆனால் அதைச் சொல்லப்போவது கபிலன். என் பெயரில் நின்று, என் மேசையில் இருந்து, "எனக்கு வேலை இல்லை, என்னால் கட்ட முடியாது" என்று அவன் வாயால் சொல்லப்போகிறான். அதைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்துக் கதிரையில் இருக்கவேண்டும். வேலை போன நாளிலிருந்து அந்த வசனத்தை எங்கள் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ராணி கூட, "இப்ப வீட்டில நிக்கிறியள்" என்றுதான் சொல்லுவாள்.

அவன் போனை வைத்துவிட்டுக் கொம்பனியின் விதிகளைக் கணினியில் தேடினான். கோபத்தில் பொத்தான்களைக் குத்தினான். திடீரென்று சிரித்தான்.

"ஒண்டு இருக்கு. கணக்குக்காரர் செத்துப்போனால் தண்டம் இல்லை. மரணப் பத்திரம் காட்டினால் சரியாம்."

"விசர்க்கதை கதையாதை" என்றாள் ராணி, அடுப்படியிலிருந்து.

"இல்லை அம்மா, பாருங்கோ. கணக்கு ஆற்ற பேரில? கந்தையா. அது அப்பப்பா. அப்பப்பா செத்திட்டார். வெயர் இஸ் த லை?"

ராணி கரண்டியோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஏசுவேன் என்று நினைத்திருப்பாள். நான் எழும்பிப் போய்ச் சூட்கேசை இறக்கினேன். இதைப் பிள்ளைகள் கவனிக்கவேண்டும். யோசனை அவனுடையது. சூட்கேசை இறக்கியது நான். வேலை இல்லாதவன் என்று சொல்வதைவிடச் செத்தவன் என்று சொல்வது எனக்கு லேசாக இருந்தது.

5

அடுத்த நாள் எடுத்தோம். செத்தவர்களின் விடயத்துக்கு வேறு இலக்கம் வைத்திருக்கிறார்கள். அங்கே பாட்டுக் கிடையாது. உடனே எடுத்தார்கள்.

"மை டாட் பாஸ்ட் அவே" என்றான் கபிலன்.

ஒன்பது வருடம் அவன் என்னைப்போல நின்று கதைத்தவன். என் மகனாக நின்று அவன் கதைத்தது அன்றுதான் முதல் தரம். கதைத்தது, நான் செத்துவிட்டேன் என்று சொல்ல.

மற்றப் பக்கத்தில் இருந்தவளின் குரல் இளகிவிட்டது. உயிரோடு இருந்தபோது என்னோடு அப்படி ஒரு கொம்பனியும் கதைத்ததில்லை. சாப்பிட்டாயா, துணைக்கு ஆள் இருக்கிறதா என்று கேட்காத குறை. கபிலனின் குரலும் கொஞ்சம் தடுமாறியது. நடிப்போ என்னவோ, அவன் என் பக்கம் பார்க்கவில்லை. நான் மேசைவிரிப்பில் இருந்த ஒரு கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பினான். பெயர் சரியாகப் பொருந்தவில்லையே என்று ஒரு கேள்வி வந்தது. எங்கள் ஆட்களின் பெயர்கள் இப்படித்தான் முன்பின்னாக இருக்கும் என்று பதில் எழுதினான். அது ஒன்றுதான் அதில் முழு உண்மை. பத்திரத்தில் வயது எண்பத்தொன்று என்று இருந்தது, செத்த திகதி ஒப்பந்தத்துக்கு நாலைந்து வருடம் முந்தியது. அந்த வயதில், அதுவும் செத்த பிறகு, ஒருவர் பிளாக்டவுனில் நின்று இரண்டு போன் வாங்கினாரா என்று யாராவது கேட்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவேண்டும் என்றும் ஒரு பக்கம் மனம் சொன்னது. ஒருவரும் கேட்கவில்லை.

தண்டம் இல்லை. மிச்சம் இல்லை. கபிலன் தன் இலக்கத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். என் இலக்கத்தை மாற்ற வழியிருக்கவில்லை. செத்தவர் யாரோடு கதைக்கப் போகிறார்? வந்த புதிதில் எடுத்த இலக்கம், பதினாலு வருடம் வைத்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், என்ன மரக்கறி வாங்குவது என்று கேட்க ராணிக்கு எடுத்தபோது சத்தமில்லாமல் கிடந்தது.

பத்து நாளில் தபாலில் கடிதம் வந்தது. தடித்த நல்ல தாள். கந்தையா குடும்பத்தாருக்கு. உங்கள் இழப்புக்காக வருந்துகிறோம், இந்தக் கடினமான நேரத்தில் உங்களை நினைத்துக்கொள்கிறோம் என்று எழுதி, ஒரு அதிகாரி கையெழுத்தும் போட்டிருந்தார். நானே அகராதி பார்த்து வாசித்தேன். ஐயா போனபோது தொழிற்சாலையில் ஓரிருவர் தோளில் தட்டினார்கள். கடிதமாக ஒன்றும் வரவில்லை. என் தகப்பனுடைய சாவுக்கு இந்த நாட்டில் எனக்கு எழுத்தில் வந்த ஒரே அனுதாபம், ஆறு வருடம் பிந்தி, ஒரு பொய்க்குப் பதிலாக வந்தது.

கடிதத்தைக் கிழிக்கவும் மனம் வரவில்லை, வைத்திருக்கவும் கூச்சம். மரணப் பத்திரத்தோடு சூட்கேசில் போட்டேன். எடுத்துச் சொல்லிவிடுவோமா, நான் உயிரோடு இருக்கிறேன் என்று? கபிலனிடம் கேட்டேன். தோளைக் குலுக்கினான்.

"சொல்லலாம். பட், கணக்குக்காரர்தான் எடுக்கவேணும் எண்டுவினம்."

6

பென்டில் ஹில்லில் இஸ்மாயில் நானா என்றொருவர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். புத்தளத்துக்காரர். எனக்கு வேலை போனது தெரிந்த ஒரே வெளியாள் அவர்தான். அதுவும் நான் சொல்லி அல்ல. வேலை நாளில் காலை பத்து மணிக்கு மீன் டின் வாங்கப் போனபோது தானாகக் கண்டுபிடித்தார். தனக்குத் தெரிந்த ஒரு களஞ்சியசாலையில் என் பெயரைச் சொல்லி வைப்பதாகச் சொன்னார். புதுச் சிம் போட்டு மூன்று கிழமை கழித்து அவரிடம் போனேன். என்னைக் கண்டதும் கல்லாவிலிருந்து எழும்பிவிட்டார்.

"எங்க தம்பி பெய்த்தீங்க? அவங்க உங்களுக்கு மூணு தரம் எடுத்தாங்களாம். நம்பர் மவுத்தாப் பெய்த்து எண்டு வேற ஆளப் போட்டுட்டாங்க."

மவுத்து என்றால் அவர்கள் பேச்சில் சாவு.

கபிலன் எனக்காக நிரப்பிய வேலை விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் பழைய இலக்கம்தான். அது எங்கள் ஒருவருக்கும் நினைவில் வரவில்லை. எங்களுக்குத் தண்டத்திலிருந்து தப்புவதுதான் நினைப்பாக இருந்தது. களஞ்சியசாலை மட்டும்தான் எடுத்ததோ, இன்னும் வேறு இடங்களும் எடுத்தனவோ, அது எனக்கு இனித் தெரியப்போவதில்லை.

அரிசி மூட்டையில் குந்திக்கொண்டு நானாவுக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இதுக்கெண்டு முறைப்பாட்டு ஒபிஸ் ஒண்டு ஈக்கிது தம்பி. காசில்ல. தமிழ்ல மொழிபெயர்க்கவும் ஆள் தருவாங்க. வேல பெய்த்து எண்டு ஒரு சொல்லு சொல்லீந்தா முடிஞ்சிருக்கும். அந்தச் சொல்லுக்கு என்ன வெக்கம்? எனக்கு ரெண்டு தரம் கடை மூடினது. நான் மவுத்தாகல்லியே."

பிள்ளைகளே, கட்டுரைகளின் கடைசியில் புத்தி சொல்வார்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். கையெழுத்துப் போடமுன் வாசியுங்கள், தமிழ்ப் பிள்ளை தண்ணீர் தந்தாலும். கட்ட முடியாவிட்டால், முடியாது என்று சொல்லுங்கள். அதைச் சொல்வதற்கு வழி வைத்திருக்கிறார்கள். நான்தான் அந்த வழியால் போகாமல் ஐயாவின் பிணத்தின் மேலால் ஏறிக் கடந்தேன்.

7

போன சனிக்கிழமை சாப்பாட்டு நேரம். ராணி கொடுத்து வைத்திருந்த என் புது இலக்கத்துக்கு மின்சாரக் கொம்பனியிலிருந்து எடுத்தார்கள். கட்டணம் இரண்டு மாதம் பிந்திவிட்டது. "கந்தையாவோடா கதைக்கிறேன்?" என்றார் ஒருவர் ஆங்கிலத்தில். கபிலன் சாப்பிட்டுக்கொண்டே இடது கையை என் பக்கம் நீட்டினான், போனைத் தாருங்கள் என்று. ஒன்பது வருடப் பழக்கம்.

நான் கொடுக்கவில்லை.

"நோ" என்றேன். "கந்தையா, மை பாதர். ஹீ டெட். ஐ ஆம் சிவபாலன். தமிழ், பிளீஸ்."

கொஞ்ச நேரம் பாட்டு. பிறகு ஒரு பெண்பிள்ளை தமிழில் வந்தாள். எங்கள் பக்கத்துப் பேச்சு.

"வணக்கம் ஐயா. நான் மொழிபெயர்ப்பாளர். சொல்லுங்கோ, என்ன பிரச்சினை?"

ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் அந்த வசனம் எனக்கு வலித்திருக்காது. அது வேறு யாருடைய வசனமோ மாதிரிப் போயிருக்கும். இங்கே ராணி இருந்தாள், கபிலன் இருந்தான், மற்றப் பக்கத்தில் யார் வீட்டுப் பிள்ளையோ இருந்தாள்.

"பிள்ளை, எனக்கு வேலை இல்லை. ஏழு மாதமாய் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாய்த்தான் கட்டலாம்."

"சரி ஐயா, சொல்லுறன்" என்றாள். சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம் என்று கொம்பனிக்காரர் சம்மதித்தார். முழுவதும் ஆறு நிமிடம்.

நான் போனை வைத்தபோது கபிலனின் இடது கை இன்னும் மேசையில் அப்படியே கிடந்தது. அதை மெதுவாக எடுத்துக்கொண்டான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போனான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ராணி, "சோறு போடட்டே?" என்றாள். வேண்டாம் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. கபிலன் தன் போனோடு வந்து மேசையடியில் நின்றான். என் முகத்தைப் பார்க்காமல் தமிழில் கேட்டான்.

"அப்பா, உங்கட புது நம்பர் என்ன? நான் இன்னும் போட்டு வைக்கேல்லை."

இரண்டு மாதமாக என் மகனிடம் என் இலக்கம் இல்லை. எனக்கும் அது தெரிந்திருக்கவில்லை. ஏனென்றால் நான் அவனுக்கு எடுக்கவில்லை, அவன் எனக்கு எடுக்கவில்லை. ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அவன் பதிந்துகொண்டு போய்விட்டான்.

வாசுகி, புது இலக்கம் உன் தகப்பனிடம் இருக்கிறது. கங்காரு போடாமல் எழுதியதற்குக் குறை நினைக்காதே. இதை அவனுக்கும் வாசித்துக் காட்டு, வேலை எப்படி என்று இனிமேல் கேட்டால் உள்ளதைச் சொல்லுவேன். நீயும் எடு. நான்தான் கதைப்பேன்.